வளையத்தில் நுழைய வேண்டிய பூ

இங்கிலாந்தில் செப்டம்பர் மாதம் நடக்கும் டேலியா கண்காட்சிகளில் நடுவர்கள் ஒரு வளையத்துடன் சுற்றுவார்கள். அதன் உள்விட்டம் 52 மில்லிமீட்டர். பொம்போன் வகுப்பில் வைத்த பூவின் மேல் சந்தேகம் எழுந்தால், வளையத்தைப் பூவின் தலை வழியாக இறக்கிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் இறங்கினால் பூ போட்டியில் நிற்கும். இதழில் முட்டினால் கதை முடிந்தது. நிறம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், காம்பு எவ்வளவு நிமிர்ந்திருந்தாலும், ‘விதிப்படி இல்லை’ என்று பொருள்படும் சுருக்கெழுத்தை அட்டையில் எழுதிவிட்டு அடுத்த ஜாடிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

பெரிய பூசணிக்கும் பெரிய ரோஜாவுக்கும் பரிசு கொடுத்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். பெரிதாகிவிட்டது என்பதற்காக ஒரு பூவைத் தள்ளுபடி செய்வதா? ஆனால் பொம்போன் மரபின் முழுச் சுவையும் இந்தத் தள்ளுபடியில்தான் இருக்கிறது. இதன் தோட்டக்கலையில் பாதி, செடியை வளர்ப்பது. மீதிப் பாதி, பூவை வளரவிடாமல் பார்த்துக்கொள்வது.

வடிவத்திலிருந்து தொடங்குவோம். டேலியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் இதழ் என்று சொல்வது ஒவ்வொன்றும் தனிச் சிறுபூ. பொம்போனில் அந்தச் சிறுபூ ஒவ்வொன்றும் கடலைப் பொட்டலம் சுற்றிய காகிதம் மாதிரி உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். வாய் மழுங்கி வட்டமாக இருக்கும். சுருட்டல் அடி முதல் நுனி வரை முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். நெருங்கிய உறவான பந்து டேலியாவில் பாதி நீளத்துக்கு மேல் சுருண்டிருந்தால் போதும், அளவிலும் அது பெரிது. பிரிட்டிஷ் வகைப்பாட்டில் பந்து டேலியா ஆறாம் பிரிவு, பொம்போன் ஏழாம் பிரிவு. பந்தின் சிற்றளவு வகை 52 மில்லிமீட்டரைத் தாண்டிய இடத்தில் தொடங்கி 102 வரை போகும்.

அமெரிக்க டேலியா சங்கம் 1915-இல் தொடங்கியது. அங்கே பொம்போனுக்கு உச்ச வரம்பு இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். பிரிட்டன் அந்த இரண்டு அங்குலத்தைத்தான் மெட்ரிக்குக்குக் கொஞ்சம் தாராளமாக மாற்றிக்கொண்டது. ஆக, 51.5 மில்லிமீட்டர் பூ ஒன்று இங்கிலாந்தில் பொம்போன். அட்லாண்டிக்கைத் தாண்டினால் பந்து. மற்றபடி அமெரிக்க நடுவர்கள் கவனிக்கும் விஷயங்கள் சற்றே வேறு. தண்டில் நிற்கும் இலைக்கும் அங்கே மதிப்பு உண்டு. பூ எந்தக் கோணத்தில் முகம் காட்டுகிறது என்பதையும் பார்ப்பார்கள். பெரிய வகைகள் சாய்வாகப் பார்வையாளரை நோக்க வேண்டும்; பொம்போன் நேராக வானத்தைப் பார்த்தாலும் குற்றமில்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றாகத் தெரியும் பூவுக்கு முகம் ஏது?

இந்த உருண்டை மோகம் பொம்போனுக்கு முந்தியது. மெக்சிகோ மலைகளின் செடியான டேலியாவின் விதை 1789-இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து மாட்ரிட்டுக்கு வந்தது. அங்கே கவனில்யஸ் என்ற பாதிரியார் 1791-இல் அதற்கு, லின்னேயசின் மாணவர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாகப் பெயர் வைத்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது ஐரோப்பாவின் பைத்தியமாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தில் பூப்போட்டி வைத்துக்கொண்ட கைவினைஞர்களும் தோட்டக்காரர்களும் ஒவ்வொரு பூவுக்கும் லட்சிய வடிவம் ஒன்றை வகுத்து வைத்திருந்தார்கள். ஜார்ஜ் கிளென்னி என்ற பொல்லாத வாய்க்காரர் அந்த இலக்கணங்களை அச்சில் ஏற்றினார். டேலியாவுக்கு அவர்கள் விதித்த இலக்கு உருண்டை. ஆனால் அன்றைய பெரிய பூக்களுக்கு அது எட்டவில்லை. முன்பக்கம் குவிந்து வந்தாலும் பின்பக்கம் தட்டையாகவே நின்றது.

எட்டியது ஜெர்மனியில், அதுவும் குட்டிப் பூவில். துரிங்கியா பகுதியில் கோஸ்ட்ரிட்ஸ் என்ற சிற்றூரில் கிறிஸ்டியன் டீகன் 1826-லேயே டேலியாவை நம்பி நாற்றுப்பண்ணை வைத்தார். பின்னர் வந்த சீக்மன் முதலியவர்கள் அந்த வட்டாரத்துக்கே டேலியா ஊர் என்ற பெயர் வாங்கித் தந்தார்கள். 1850-ஐ ஒட்டி அங்கிருந்து கிளம்பிய குறும்பூ வகைகளை ‘லில்லிபுட் டேலியா’ என்று விற்றார்கள். சின்னப் பூவில் இதழ்கள் அடிவரை மடங்கிக் காம்பைத் தொட்டன. கிளென்னிகள் கேட்ட உருண்டை, அவர்கள் எதிர்பார்க்காத அளவில் கிடைத்தது. அந்தத் தலைமுறைக்குச் சற்றுப் பிந்திய 1879-ஆம் ஆண்டின் ‘ஒயிட் ஆஸ்டர்’ என்ற வெள்ளைப் பொம்போன் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. இன்றைய கண்காட்சியில் வைத்தால் அது தேறாது, இதழ் அடுக்கு அவ்வளவு இறுக்கமில்லை. தோட்டத்தில் அதற்கு இணையாகப் பூத்துத் தள்ளுவது அபூர்வம்.

1872-இல் ஹாலந்துக்கு வந்த ஒரு சிவப்பு டேலியா கூரிய இதழோடு மலர்ந்து, ‘காக்டஸ்’ என்ற புதிய மோஸ்தரைக் கிளப்பிவிட்டது. உருண்டைப் பூக்கள் பழம்பஞ்சாங்கமாகிவிட்டன. தோட்ட எழுத்தாளர்கள் அவற்றைத் தையல் பொத்தான் என்று ஏளனமாகப் பார்த்தார்கள். பொம்போனைக் காப்பாற்றியவர்கள் போட்டிக்காரர்கள். 1881-இல் அமைந்த பிரிட்டனின் தேசிய டேலியா சங்கத்திலும், வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் தோட்டத் துண்டுகளிலும் அது உயிரோடு இருந்தது. பெரிய நிலமும் கண்ணாடி வீடும் இல்லாதவருக்கு ஏற்ற பூ அது. நாலு முழ நிலத்தில் ஒரு போட்டி வகுப்புக்கு வேண்டிய பூ தேறும்.

அடுத்த பாய்ச்சல் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. நார்மன் வில்லியம்ஸ் என்பவர் தம் பெயரின் செல்லச் சுருக்கமான ‘வில்லோ’வை முன்னொட்டாக வைத்து வரிசையாகப் பொம்போன்களை உருவாக்கினார். ‘வில்லோஸ் வயலட்’ அவற்றுள் உலகமெங்கும் போனது. 1967-இல் வந்த வெள்ளை ‘ஸ்மால் வேர்ல்டு’ம் அவர் கைவண்ணம்தான். இன்றைய பொம்போனின் இறுக்கமும் சீரும் பெருமளவு அந்தப் பண்ணையின் கொடை. பிரிட்டிஷ் வளர்ப்பாளர்களுக்கும் சொல்லிக்கொள்ள 1957-இன் ‘மூர் பிளேஸ்’ இருக்கிறது: திராட்சை மதுவின் கருஞ்சிவப்பு. கண்காட்சி மேசையில் தூரத்திலிருந்தே அதை அடையாளம் காணலாம்.

விதை போட்டு இவற்றைப் பெற முடியாது. டேலியா எட்டுமடங்குக் குரோமோசோம் கொண்ட செடி, மொத்தம் 64. ஒரு பொம்போனின் விதையை முளைக்கவைத்தால் ஒற்றை அடுக்கு, பாதி அடுக்கு, தட்டை, கூர் எல்லாம் வரும். தாயைப் போல ஒன்று வருவதே பாக்கியம். எனவே கிழங்கைப் பிரித்தோ, தண்டுத் துண்டை வேர்பிடிக்க வைத்தோதான் ரகத்தைக் காக்க வேண்டும். கிழங்கு பிரிக்கும்போது கழுத்தோடு சேர்த்து வெட்டுவது முக்கியம். முளைக்கண் கிழங்கின் உடம்பில் இல்லை, பழைய தண்டின் அடியில் இருக்கிறது. கழுத்தில்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் மண்ணுக்குள் சும்மா கிடந்து அழுகும்.

போட்டிக்காரரின் வித்தை இனிமேல்தான். ராட்சத வகை வளர்ப்பவர் ஒரு செடியில் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் கிள்ளி, தீனி முழுவதையும் அந்த நாலு மொட்டுக்கு அனுப்புவார். பொம்போன்காரர் தலைகீழாகச் செய்வார். நுனிக் கொழுந்தைக் கிள்ளிச் செடியைப் புதராக்கி, பத்துப் பன்னிரண்டு கிளைகளையோ அதற்கு மேலோ விடுவார். தீனி பங்கிடப்பட்டால்தான் பூ கட்டுக்குள் இருக்கும். தழைச்சத்து உரத்தைக் கை இறுக்கிப் போடுவார். ஜூலைக்கு மேல் சாம்பல்சத்துப் பக்கம் சாய்வார். அப்படியும் செடியின் முதல் பூ பெருத்துத்தான் வரும். அதை வீட்டு ஜாடிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார்.

சிக்கல் எங்கே என்றால், பூ முற்றினால்தான் பின்னிதழ்கள் முழுக்க மடங்கிக் காம்பைத் தொடும். இளம் பூவில் முதுகு தட்டை. நடுவர் கவிழ்த்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். முதிர முதிர உருண்டை நிறையும், கூடவே விட்டமும் ஏறும். காத்திருந்தால் அடியிதழின் நிறம் வெளுக்கும். ஆக உருண்டை முழுமையாகிவிட்ட, வளையம் இன்னும் இறங்குகிற, நிறம் இன்னும் கெடாத நாள் ஒன்றோ இரண்டோதான். அந்த நாள் கண்காட்சி நாளோடு பொருந்த வேண்டும். அதோடு ஒரே ஜாடியில் நிற்கும் பூக்கள் எல்லாம் அளவிலும் வயதிலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ராட்சதப் பூவை ஒப்பேற்றுவது இதைவிட எளிது என்று நான் நினைக்கிறேன். அங்கே ஒரு பூ நன்றாக வந்தால் போதும்.

பருவமும் பிடி கொடுக்காது. பகல் பொழுது குறையத் தொடங்கினால் டேலியா அடுக்கிதழ்களைக் குறைத்துக்கொண்டு, நடுவிலுள்ள மஞ்சள் குழல்பூக்களைக் காட்ட ஆரம்பிக்கும். செப்டம்பர் கடைசியில் பொம்போனின் உச்சியில் திறக்கிற இந்தக் கண், நடுவருக்குப் பெருங்குறை. தேனீக்கு நல்ல செய்தி. இன்னொரு தொல்லை, வாலில் கவட்டையுள்ள இயர்விக் பூச்சி. சுருண்ட இதழ்க் குழல்கள் அதற்கு வாடகையில்லாத வீடு. பழைய ஆங்கிலத் தோட்டங்களில் முட்டுக்குச்சியின் தலையில் வைக்கோல் திணித்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பது இதற்காகத்தான். இரவில் மேய்ந்துவிட்டு விடியலில் பூச்சி சட்டிக்குள் ஒதுங்கும், காலையில் தட்டி எடுத்துவிடலாம். இவற்றையெல்லாம்விட அசுவினிக்குத்தான் பயப்பட வேண்டும். அது கொண்டுவரும் நச்சுயிரி இலையில் மஞ்சள் தேமலாகத் தெரியும். அந்தச் செடியை எரிப்பதைத் தவிர வைத்தியம் இல்லை, கிழங்கு வழியாகவும் அது தொடரும்.

ஹாலந்தில் இந்தப் பூவுக்கு வேறு பிழைப்பு. வெட்டுப்பூ வியாபாரத்தில் அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. காம்பு நீளமும் பெட்டியில் அடங்குவதும்தான் கணக்கு. ஆகவே அங்கிருந்து வரும் ‘கார்னெல்’, ‘ஜோவி வின்னி’ போன்றவை பந்து வகைகள். விலைப்பட்டியல்களில் ‘ஜோவி வின்னி’யைப் பொம்போன் என்றே பல கடைகள் போட்டு விற்கின்றன. நான்கு அங்குலம் வரை விரிகிற பூ அது. வாங்குகிறவர் அளவைப் பார்த்து வாங்குவது நல்லது. கடைக்காரரின் தலைப்பை நம்பிப் பயனில்லை. அதே நாட்டின் சுண்டர்ட் ஊரில், வான் கோ பிறந்த ஊர் அது, 1936 முதல் செப்டம்பர் முதல் ஞாயிறன்று பூ ஊர்வலம் நடக்கிறது. இருபது குடியிருப்புகள் போட்டி போட்டுக்கொண்டு இருபது மீட்டர் நீளம் வரையிலான ஊர்திகள் கட்டி, மேற்பரப்பு முழுவதையும் லட்சக்கணக்கான டேலியாப் பூக்களால் மூடுகிறார்கள். பெரும்பாலும் சிறுபூ வகைகளும் உருண்டை வகைகளும். அங்கே தனிப் பூவின் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆயிரம் பூ சேர்ந்து ஒரு யானையின் காது மடிப்பைக் காட்டுகிறதா என்பதே பார்வை. ஒவ்வொரு பூவையும் கவிழ்த்துப் பார்க்கும் இங்கிலாந்துக்காரர் அங்கே போனால் தலை சுற்றிவிடும். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளப்பதுதான் பிடிக்காது.

நம் நாட்டு ரசனை மூன்றாம் திசையில் போனது. கொல்கத்தாவின் குளிர்காலக் கண்காட்சிகளில் தொட்டியில் வளர்த்த, சாப்பாட்டுத் தட்டளவு ராட்சத டேலியாக்களுக்குத்தான் கூட்டம் கூடும். உதகை தாவரவியல் பூங்காவின் மே மாத விழாவிலும் கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவிலும் டேலியா தவறாமல் இடம்பெறுகிறது. அங்கேயும் கேமராக்கள் பெரிய பூவையே தேடும். மலையூர்களில் வீட்டு வாசல் டேலியா என்றால் ஆள் உயரச் செடியும் அகன்ற பூவும்தான் நினைவுக்கு வருகின்றன.

மலைத் தோட்டக்காரருக்குப் பொம்போனைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் மழை. பெரும்பூ நீரைக் குடித்துக் கனத்து, காம்போடு ஒடிந்து தொங்கும். பொம்போனின் குழலிதழ்கள் தண்ணீரைத் தங்கவிடாது. காம்பு கம்பி போல மெலிந்து வலுவாக நிற்கும். செடி மூன்று நான்கு அடி வளரும், இரண்டடி இடைவெளி போதும். நீர் வடியாத இடத்தில் வைத்தால் கிழங்கு அழுகும் என்பதால் மேட்டுப் பாத்தி அவசியம். நடும்போதே முட்டுக்குச்சியை ஊன்றிவிட வேண்டும். பிறகு குத்தினால் கிழங்கைத் துளைத்துவிடும். போட்டிக்கு வளர்க்காதவர் வளையத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் பூவைக் கவிழ்த்து முதுகைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நடுவரிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம். முதுகு தட்டையாகவே நிற்கிற ரகத்தை அடுத்த வருஷம் தொடர வேண்டியதில்லை.

ஜாடிக்கு வெட்டுவதானால் காலையில், பூ ஏறக்குறைய முழுக்க விரிந்த பிறகு வெட்ட வேண்டும். டேலியா மொட்டு வெட்டியபின் ஜாடியில் விரியாது. முதுகிதழைத் தொட்டுப் பாருங்கள்: விறைப்பாக இருந்தால் வெட்டலாம், தொய்ந்து காகிதம் போலிருந்தால் தாமதித்துவிட்டோம். பழைய பூக்களையும் விடாமல் வெட்டித் தள்ளினால்தான் செடி விதைக்குப் போகாமல் மொட்டு வைத்துக்கொண்டே இருக்கும். வாடிய பூவும் மொட்டும் பொம்போனில் ஒன்றுபோலத் தெரியும். அழுத்தினால் கெட்டியாக உருண்டையாக இருப்பது மொட்டு. கூம்பாக, பிசுபிசுவென்று நீர் விடுவது முடிந்த பூ.