மறைத்த பிழையும் திருத்திய பிழையும்

கையால் அக்கூஸ்டிக் கிட்டார் செய்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பிழையே செய்யாத கைவினைஞர் யாருமில்லை. பிழை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்பவரே தேர்ந்தவர் என்பார்கள். தொழில் பழக வந்தவர் வளைத்த முதல் பக்கப்பலகை ஒடிந்ததும் இதைச் சொல்லித்தான் தேற்றுவார்கள். ஆறுதல் வார்த்தையாக இதில் குறையில்லை. தொழிலின் அளவுகோலாகவே இதை எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. கண்ணுக்குத் தெரியாத பிழைகளிலேயே கிட்டாரைக் கெடுக்கும் பிழைகள் இருக்கின்றன.

பிழை நேர்வதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. ரோஸ்வுட் பக்கப்பலகையைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, ஈரம் காட்டி, சூடேறிய குழாயின் மேல் அழுத்தி இடுப்பு வளைவை எடுக்கிறார்கள். சூடு குறைந்தால் பலகை ஒடியும், கூடினால் கருகும். ரேகை சுழித்தோடும் பலகை சரியான சூட்டிலும் பிளக்கலாம். மேல்பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும் விசையை அந்தப் பலகை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். ஈரக்காற்று வீசும் நாளில் ஒட்டியது வறண்ட காலத்தில் சுருங்கி வெடிக்கும் என்பதால், பட்டறையின் ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள். இத்தனை மெலிந்த, இத்தனை உயிரோட்டமுள்ள பொருளில் கைபோட்டால் ஏதாவது ஒன்று நடக்கத்தான் செய்யும்.

நடந்ததைச் சரிசெய்யும் கலையில் இந்தத் தொழில் எட்டியிருக்கும் உயரம் உண்மையிலேயே பெரியது. விளிம்பில் பைண்டிங் எனும் ஓரப்பட்டையைப் பதிக்கப் பள்ளம் வெட்டும் வேலையைப் பாருங்கள். உடலின் வளைவில் சில இடங்களில் ரேகை வெட்டுக்கத்திக்கு எதிராக வந்து நிற்கும். அங்கே ஸ்ப்ரூஸிலிருந்து ஈர்க்கு மாதிரி ஒரு சிலாம்பு பிய்ந்து பறக்கும். விவரமறிந்தவர் உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தரையில் அந்தச் சிலாம்பைத் தேடுவார். கிடைத்தால் அதே இடத்தில் பசையிட்டு உட்காரவைத்து டேப் ஒட்டிவிடுவார். கிடைக்காவிட்டால் அதே பலகையின் வெட்டுத்துண்டிலிருந்து ஒரு கீற்றைச் சீவி எடுப்பார். கிட்டார் பட்டறையை விட்டுப் போகும்வரை வெட்டுத்துண்டுகளைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். கீற்றை வைக்கும்போது ரேகையின் வரிசையோடு ஒளி திரும்பும் திசையும் ஒத்துப்போக வேண்டும். திசை மாறினால் பாலிஷ் போட்டபின் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். அவசரக்காரர்கள் மரத்தூளையும் சூப்பர் குளூவையும் குழைத்து அடைப்பார்கள். கரிய ரோஸ்வுட்டில் அது செல்லும்; வெளிர் ஸ்ப்ரூஸில் முதலில் ஷெல்லாக் பூசாமல் செய்தால் பசை ஊறிக் கறையாகிவிடும்.

இதுபோலத்தான் மற்றவையும். உளி தவறி விழுந்த அமுக்கத்தை ஈரத்துணியும் சூடான இரும்பும் கொண்டு மேலெழுப்பலாம், நார் அறுபடாமல் இருந்தால். தவறான இடத்தில் அறுத்த ஃப்ரெட் பள்ளத்தை அதே மரத்தின் கீற்றால் அடைத்துவிட்டுச் சரியான இடத்தில் புதிதாக அறுக்கலாம். இவையெல்லாம் நேர்மையான வேலைகள். கிட்டாரின் ஒலிக்கோ ஆயுளுக்கோ ஒரு நஷ்டமும் இல்லை.

சிக்கல் கோணங்களில் தொடங்குகிறது. கழுத்து உடலோடு சேரும் கோணம் சரியாக இருந்தால், ஃப்ரெட்டுகளின் மேல் வைத்த நீண்ட உலோக அடிகோலின் நுனி, மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் மேல்தளத்தை உரசியபடி நிற்கும். நுனி கீழே இறங்கிப்போனால் கம்பிகள் பலகையைவிட்டு உயர்ந்து நிற்கும். வாசிப்பவரின் விரல் வலிக்கும். இதற்கு முறையான வைத்தியம் கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி மறுபடி பொருத்துவது. குறுக்குவழி, பிரிட்ஜையே சீவி மெலிதாக்கிவிடுவது. அப்படிச் சீவிய பிரிட்ஜ் பார்க்க லட்சணமாகவே இருக்கும். பிறகு எந்தக் கிட்டாரிலும் ஆண்டுகள் போகப்போகக் கம்பி இழுத்துக் கழுத்துக் கோணம் மாறுமே, அப்போது இறக்குவதற்கு இதில் இடம் மிச்சமிருக்காது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகினால் சரியாகிவிடும் என்று வாசிப்பவர்களில் பலர் நம்புகிறார்கள். அது கழுத்தின் வளைவைத்தான் திருத்தும், கோணத்தைத் தொடாது.

பிரிட்ஜ் நகர்ந்து ஒட்டிய கிட்டாரும் இந்த வகைதான். 645 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில், பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடில் 2 மில்லிமீட்டர் பின்னால் போனால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்வரம் ஐந்து சென்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஓர் அரைச்சுரத்துக்கு நூறு சென்ட் என்பதால் கேட்கச் சிறிதாகத் தோன்றும். தேர்ந்த காது அதைக் கண்டுபிடித்துவிடும், பிரிட்ஜைச் சுற்றிய பாலிஷ் எவ்வளவு பளபளத்தாலும்.

பழைய முறையின் அறிவு கழுத்து விஷயத்தில்தான் தெரிகிறது. 1833-இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் 1985 வரை, சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராட் இல்லாமலே கிட்டார்கள் செய்துவந்தது. அந்தக் கழுத்துகள் பெரும்பாலும் புறாவால் இணைப்பில் பசையால் நின்றவை. கழற்ற வேண்டுமானால் பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சிறு துளையிட்டு, நீராவி செலுத்துவார்கள். பசை இளகிக் கழுத்து கையோடு வந்துவிடும். டெய்லர் நிறுவனம் 1999-இல், போல்ட்டால் மாட்டும் கழுத்தின் கோணத்தை எளிதில் மாற்றும் புதிய இணைப்பைக் கொண்டுவந்ததும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான்: கோணம் ஒருநாள் மாறத்தான் போகிறது, திறப்பதற்கு வழி வைத்துவிடுவோம். இப்படியிருக்க, சரியாகப் பொருந்தாத இணைப்பில் எபாக்ஸியை ஊற்றி இடைவெளியை அடைக்கும் கைவினைஞரை என்ன சொல்வது? தன் பிழையைத் திருத்தியதாக அவர் நினைக்கிறார். அடுத்துப் பழுதுபார்க்க வருகிறவரின் தலையில் அதைக் கட்டியிருக்கிறார்.

திருத்தவே முடியாத பிழையும் உண்டு. மேல்பலகையை அளவுக்கு மீறி இழைத்துவிட்டால் இழைத்ததைத் திரும்ப வைக்க முடியாது. உள்ளே கூடுதல் சட்டம் ஒட்டினால் பலகை நிற்கும், ஒலி அமுங்கிவிடும். அந்தப் பலகையை ஒதுக்கிவிடுவதே முறை. மரத்தின் விலையும் கிடைப்பதன் அருமையும் மனத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உள்பட ரோஸ்வுட் இனங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. ஆனாலும் பின்பலகையையும் பக்கங்களையும் காப்பாற்றிக்கொண்டு மேல்பலகையை மட்டும் மாற்ற முடியும். அதற்குத் தேவை இன்னும் சில வார உழைப்பு.

அழகின் மீதுள்ள பித்து வேறொரு தீங்கையும் செய்கிறது. ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தே டோரஸ் 1862-இல் பின்பலகையும் பக்கங்களும் காகிதக்கூழ் அட்டையாலான ஒரு கிட்டாரைச் செய்தார். ஒலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேல்பலகையும் அதன் கட்டமைப்பும்தான் என்று காட்டுவதே நோக்கம். 1995-இல் டெய்லர் நிறுவனத்தின் பாப் டெய்லர், சரக்கு ஏற்றும் ஓக் மரத் தட்டிலிருந்து பின்பலகையையும் பக்கங்களையும் எடுத்து ஒரு கிட்டார் செய்து கண்காட்சியில் வைத்தார். ஆணித் துளைகளை மறைக்காமல், அவற்றில் அலுமினிய வட்டங்களைப் பதித்துக் கண்ணில் படும்படியே விட்டார். இந்த இரண்டு கருவிகளும் சொன்னதைத் தொழில் இன்னும் முழுமையாகக் காதில் வாங்கவில்லை. பாலிஷில் ஒரு புள்ளி இருந்தால் கிட்டார் திரும்பி வருகிறது. கனமாக, மந்தமாக ஒலித்தால் திரும்பி வருவதில்லை. எனவே பிழைக்குப் பயந்தவர்கள் பலகையைத் தடிமனாகவே விட்டுவிடுகிறார்கள். வெடிக்காது, வீங்காது, பாடவும் பாடாது. உத்தரவாதம் கொடுத்து ஆயிரக்கணக்கில் விற்கும் தொழிற்சாலைக்கு இது நியாயமான கணக்கு. ஒவ்வொரு பலகையையும் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து மெலிதாக்கும் சுதந்திரமுள்ள கைவினைஞர் அதே கணக்கைப் போட்டால், கையால் செய்வதற்கான காரணமே போய்விடுகிறது.

என் தீர்ப்பு இதுதான். மேற்பரப்பின் பிழையைத் தாராளமாக மறைக்கட்டும், அது திறமை. கோணத்தையும் அளவையும் இணைப்பையும் தொட்ட பிழையை மறைத்தால் அது ஏமாற்று. அதைத் திருத்தியிருந்தால், என்ன செய்தோம், எந்தப் பசை போட்டோம் என்பதை வாங்குகிறவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பது இன்னும் வழக்கமாகவில்லை. ஆகவே கையால் செய்த கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பை உற்றுப் பார்க்கும் முன் ஓர் அடிகோலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்துப் பாருங்கள், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்வரம் சேர்கிறதா என்று கேளுங்கள், கழுத்தைக் கழற்ற முடியுமா என்று செய்தவரையே விசாரியுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு பட்டறையைத் தேடுங்கள்.