தீவு காணச் சென்ற நம்மவரும் அவர் எழுதும் கட்டுரைகளும்

ஆண்டு மலர்களிலும் ஞாயிறு இதழ்களிலும் பிரயாணக் கட்டுரைகள் பெருகிவிட்டன. முன்னே காசி இராமேசுவரம் போய்வந்தவர் புண்ணியக் கணக்கு எழுதினார். பின்னர் இலண்டன் போய்வந்தவர் பனிக்கணக்கு எழுதினார். இப்பொழுது கரிபியன் கடலின் தீவுகளுக்கு விடுமுறை கழிக்கச் சென்று திரும்புவோர் எழுதத் தொடங்கியிருக்கின்றனர். போவதைக் குறை கூற நாம் வரவில்லை. லயத்தில் பிறந்த பிள்ளைகள் கற்று, பொருளீட்டி, பூமியின் மறுபுறம் சென்று மணலில் காலாற நடந்து வருவது நம் நெஞ்சு குளிரும் செய்தியேயாகும். போய்வந்து எழுதுவதைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

இக்கட்டுரைகளில் நாம் படித்தவை ஒன்றிரண்டல்ல. எழுதியவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, குறை ஒருவருடையதன்று. விமானம் இறங்கும். கடல் நீலமும் பச்சையுமாய்த் தோன்றும். விடுதிப் பணிப்பெண் புன்னகையோடு குளிர்பானம் நீட்டுவாள். எஃகு மேளம் முழங்கும். பவளப்பாறையில் மீன்கள் நீந்தும். உள்ளூர் அனுபவம் என்ற தலைப்பின்கீழ் ஒரு சந்தையும், ரம் வடிக்கும் ஆலை ஒன்றும் வரும். பிறகு சூரியன் மறையும், கட்டுரையும் முடியும். தீவின் பெயரை அழித்துவிட்டு வேறொரு தீவின் பெயரை இட்டால், மற்றபடி ஒரு வரியையும் திருத்த வேண்டியதிராது. அந்த ரம் கரும்பிலிருந்து வருகிறதென்பதையும், அக்கரும்பை நட்டவரும் வெட்டியவரும் யார் என்பதையும் கட்டுரையாளர் கேட்டாரில்லை.

அத்தகைய கட்டுரை ஒன்றைப் பாகான் செராயில் ஒரு நண்பர் இல்லத்தில் உரக்கப் படிக்கக் கேட்டிருந்தோம். முப்பதாண்டுக்கு மேல் பால்வெட்டு வேலை செய்து ஓய்ந்த மூதாட்டி ஒருவரும் உடனிருந்தார். எல்லாம் கேட்டு முடித்து, “ஏன் தம்பி, அங்கெல்லாம் பெரட்டு எத்தனை மணிக்கு?” என்றார். இருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. தோட்டம் என்று ஒன்றிருந்தால் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பும் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினாயிரம் வெள்ளி செலவிட்டுப் போய்வந்தவருக்குத் தோன்றாத கேள்வி அது.

பாகான் செராயிலிருந்து எழுதுவோர்க்கு இது தோன்றாமற் போவது மேலும் வருந்தத்தக்கது. கிரியான் மாவட்டம் ரப்பரைக் காணுமுன் கரும்பைக் கண்ட மண். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குலாவிலும் களும்பாங்கிலும் பெருங் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைத்தோர் ஒப்பந்தத்திற் கட்டுண்டு வந்த தமிழர். காய்ச்சலும் சாவும் அத்தோட்டங்களில் மலிந்திருந்தன. 1906இல் புக்கிட் மேரா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறிய பின் கிரியான் நெல்வயல் நாடாயிற்று. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து ஜனங்களிற் பெரும்பாலோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். குலா என்னும் சொல்லுக்கு மலாய் மொழியில் சர்க்கரை என்று பொருள். இன்று கோலா குலாவுக்குச் செல்வோர் சர்க்கரைக்காகவா செல்கின்றனர்? சதுப்புக்காட்டில் படகேறி வலசைப் பறவை காணச் செல்கின்றனர்.

டிரினிடாட் தீவிலும் இவ்வாறே ஓர் இடம் உண்டு. கரோனிச் சதுப்பில், மாலையில் கூட்டங்கூட்டமாக அடையும் செந்நிற அரிவாள்மூக்கன் பறவைகளைக் காண்பதற்கு அயல்நாட்டார் படகில் வருகின்றனர். அச்சதுப்பை ஒட்டிய சமவெளியோ இந்தியக் கூலிகள் கரும்பு விளைத்த நிலம். அவர்களின் முதற்கப்பல் 1845 மே 30இல் அங்கே கரை சேர்ந்தது. அரசாங்கத்தின் கரோனிச் சர்க்கரைக் கம்பெனி 2003இல் மூடப்பட்டது. அந்தப் பறவைகளை வருணித்த நம்மவர் பலர். அவை இறங்கும் சதுப்புக்கு அப்பால் இருந்த வயலை ஏறிட்டுப் பார்த்தவரை நாம் இன்னும் காணவில்லை.

பிரஞ்சுத் தீவுகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் திரட்டினர். மார்த்தினிக் தீவுக்கு 1853இலும் குவாதலூப் தீவுக்கு 1854இலும் முதற்கப்பல்கள் சென்றன. குவாதலூப் ஒன்றுக்கு மட்டும் 1889 வரையில் ஏறத்தாழ 42,000 பேர் கொண்டுபோகப்பட்டனர். அவர்தம் மரபினர் தமிழை இழந்தனர். ஆயினும் முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் என்பன அங்கே இன்றும் குடும்பப் பெயர்கள். மாரியம்மன் மாலியெமென் ஆனாள். மதுரை வீரன் மல்தேவிலின் ஆனான். அத்தீவுகளின் புகழ்பெற்ற மசாலைக் கறிக்குக் கொழும்பு என்றே பெயர்! நம் கட்டுரையாளர் அக்கறியை உண்டு, ருசி அபாரம் என்று எழுதிவிட்டு அடுத்த கடற்கரைக்குப் போய்விடுகிறார். ஹென்றி சிதம்பரம் என்னும் ஒருவர் அத்தீவில் 1904இல் வழக்குத் தொடுத்து, இந்தியர் மரபினர்க்குப் பிரஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைக்க 1923 வரையில் போராடினார் என்பதைச் சுற்றுலா விடுதிக் கையேடு சொல்லியிராதுதான். ஆனால் கையேட்டைப் பெயர்த்தெழுதவா நமக்கொரு எழுத்தாளர்?

போகாமலே கண்டவரும் நம்மிடம் உண்டு. பாரதியார் பீஜித் தீவுக்குப் போனவரல்லர். கரும்புத் தோட்டத்திலே என்னும் அவருடைய பாட்டு அங்கே நம் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்வது. போய்வந்து அடக்கமாக எழுதியவரும் உண்டு. உலகம் சுற்றும் தமிழன் எழுதிய ஏ. கே. செட்டியார், கரிபியன் கடலும் கயானாவும் என்றும் ஒரு நூல் செய்தார். தம்மைப் பற்றிக் குறைத்தும் கண்டதைப் பற்றி நிறைத்தும் எழுதுவது அவர் வழக்கம். இன்றைய கட்டுரைகளில் இவ்விகிதம் தலைகீழாகிவிட்டது. எழுதுபவர் படம் ஐந்து, ஊராரின் படம் ஒன்று. அதிலும் ஊரார் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அத்தீவுகளிற் பிறந்தவர்களே சுற்றுலாப் பார்வையைப் பற்றி எழுதியவற்றை நம்மவர் படித்தால் நலம். ஆன்டிகுவாவில் பிறந்த ஜமெய்க்கா கின்கெய்ட் 1988இல் வெளியிட்ட சிறு நூலில் விருந்தாளியை நீங்கள் என்று நேரே விளித்தே பேசுகிறார். குளித்த நீர் எங்கே போகிறது, மேசையில் வைத்த உணவு எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கும் கேள்விகள் விடுமுறைக்காரரின் உறக்கத்தைக் கெடுப்பவை. அவர் கோபம் சில இடங்களில் எல்லை கடக்கிறது என்பது நம் கருத்து. ஊரார் எல்லோரையும் ஒரே துயரத்தில் அடைத்துவிடுகிறார். செயின்ட் லூசியாத் தீவினரான டெரக் வால்காட் 1992இல் நோபெல் பரிசு ஏற்று ஆற்றிய உரையில் வேறொரு வழி தெரிகிறது. டிரினிடாடில் பெலிசிட்டி என்னும் சிற்றூரில் இந்தியர் நடத்திய இராமலீலையைக் காணச் சென்றதை அவர் அதிற் கூறுகிறார். முதலில் அதனை நாடகமாகவும், தேய்ந்துபோன ஏதோ ஒன்றின் மிச்சமாகவும் கருதினாராம். பிறகு, ஆடுவோர் நடிக்கவில்லை, நம்புகின்றனர் என்று கண்டு, பிழை தம் பார்வையில்தான் என்று உலகறிய ஒப்புக்கொள்கிறார். அதே கடலில் பிறந்த அவருக்கே அண்டைத் தீவின் அயலானைக் காண ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. ஒரு வாரம் தங்கிய நம் கட்டுரையாளர் எவரும் தாம் ஏதேனும் ஒன்றைத் தவறாகக் கண்டதாக எழுதியதில்லை.

இங்கே நம்மைப் போன்ற சீர்திருத்தக்காரருக்கும் ஒரு சங்கடம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. குவாதலூப்பில் மாலியெமென் கோயில்களில் ஆடு வெட்டுகின்றனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் மலாயாவிற்கு வந்தார். பேராக்கின் தோட்டக் கோயில்களிலும் பலி கூடாதென்று நம்மவர் வெகுவாக வாதாடியதுண்டு. அவ்வாதத்தை நாம் இன்றும் கைவிடவில்லை. ஆயினும் அத்தீவின் பலியைக் கண்டு, ஐயோ காட்டுமிராண்டித்தனம் என்று எழுதுவதும், ஆகா நம் பண்பாடு பிழைத்தது என்று எழுதுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்களாகும். மொழி பறிபோன பின் ஒரு ஜனக்கூட்டம் எதைப் பற்றிக்கொண்டு நின்றது என்று அறிய முயன்றபின், பலி வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. இன்னொன்று: அத்தீவுகளில் சாதி பெரும்பாலும் கரைந்துபோயிற்று. ஒரு கட்டுரையாளர் அங்கே தமிழ்ப் பெயருடைய ஒருவரைக் கண்டதும், முன்னோர் எந்த ஊர், எந்த வகுப்பு என்று விசாரித்ததாகப் பெருமையோடு எழுதியிருந்தார். அவர் கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு விடையறியாமல் விழித்த அந்த மனிதரை நாம் வாழ்த்துகிறோம்.

தொலைவைப் பற்றி இவ்வளவு பேசிய பின் நம் வாசலையும் நோக்குவோம். பள்ளி விடுமுறையில் நாமெல்லோரும் லூமுட் துறையில் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போகிறோம். பாசிர் போகாக் கடற்கரையில் குளிக்கிறோம். கடலை நோக்கி நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் தேங்காய் உடைக்கிறோம். உலர்ந்த நெத்திலி வாங்கித் திரும்புகிறோம். தெலுக் கெடோங்கில் ஒல்லாந்தர் 1670இல் ஈயத்திற்காகக் கட்டிய கோட்டை இடிந்து நிற்கிறது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். 1874 ஜனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கை கைச்சாத்தாகி, வெள்ளைக்காரர் பேராக்கிற் கால் ஊன்றியதும், அவர் பின்னே கரும்பும் ரப்பரும் நம் பாட்டன் பாட்டியரும் வந்ததும் அத்தீவின் பெயரோடு பிணைந்த செய்திகள். பங்கோரைப் பற்றி நமக்கு வந்த மாணவர் கட்டுரைகளில் மணலும் சூரியாஸ்தமனமும் நிரம்ப உண்டு. உடன்படிக்கை ஒரு வரியாகச் சில கட்டுரைகளில் உண்டு. நெத்திலி உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்வோர் எத்தனை மணிக்கு எழுகின்றனர் என்பது ஒன்றிலும் இல்லை.

அதைக் கேட்டறிந்து எழுதுவோர் நான்கு பக்கத்திற்கு மேற்படாமல் அனுப்பலாம். சூரியாஸ்தமனக் கட்டுரைகள் இவ்வாண்டுக்குப் போதுமான அளவு கைவசம் இருக்கின்றன.