பாப்பாவின் நட்சத்திரம் எங்கே இருக்கிறது?

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். என் ஐந்து வயது மகள் முந்திக்கொண்டு “ரோகிணி!” என்பாள். போன தை மாதம், முகையூரில் மொட்டைமாடியில் படுத்திருந்தபோது திடீரென்று கேட்டாள்: “அந்த ரோகிணி எங்கப்பா இருக்கு?”

குழந்தைக்கு வானத்தைக் காட்ட இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பெயர் ஏற்கெனவே அதன் வாயில் இருக்கிறது. ஆளைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். மாடி விளக்கை அணைத்துவிடுங்கள், செல்போனைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். அதுவரை பிள்ளை சும்மா இருக்காது. ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டை போதும், உரித்துத் தின்று முடிப்பதற்குள் வானம் நிறைந்துவிடும்.

நாம் விரல் நீட்டுகிற திசை பிள்ளையின் கண்ணுக்கு வேறாகத் தெரியும். அதனால் மடியில் உட்காரவைத்து, உங்கள் கையை அதன் கன்னத்தை ஒட்டி நீட்டுங்கள். தை மாதம் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே மூன்று மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக நிற்கும். அந்த வரிசையை மேல்நோக்கி நீட்டிக்கொண்டே போனால் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. அதுதான் ரோகிணி. இன்னும் மேலே, ஏறக்குறைய உச்சியில், கொத்தாகக் கார்த்திகை. எத்தனை என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். நமக்கு ஆறு தெரிந்தால் அதற்கு ஏழுகூடத் தெரியலாம். திருத்தாதீர்கள்.

ரோகிணியின் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 65 ஆண்டு ஆகிறது. ஒளி ஆண்டு என்றால் அவளுக்குப் புரியாது. “உங்க ஆயா பொறந்தப்போ அங்கேருந்து கெளம்புன வெளிச்சம், இப்பதான் உன் கண்ணுக்கு வந்திருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஆயாவைக் கூப்பிடக் கீழே ஓடினாள்.

எல்லா நட்சத்திரமும் இப்படிப் பளிச்சென்று கிடைக்காது. ரேவதி மிக மங்கல். ரேவதியில் பிறந்த பிள்ளைக்கு அம்மா, அப்பாவின் நட்சத்திரத்திலிருந்து தொடங்கலாம். திருவாதிரை அந்த மூன்று மீன்களுக்குப் பக்கத்திலேயே சிவந்து நிற்கும். சித்திரையைச் சித்திரையிலும், கேட்டையை ஆனி ஆடியிலும், திருவோணத்தை ஆவணியிலும் முன்னிரவில் பார்க்கலாம். தொலைநோக்கி இப்போதே வேண்டாம். வளர்ந்தபின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போகலாம். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10 அன்று கண்டுபிடித்த இடங்களில் அதுவும் ஒன்று.

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரை மறந்துவிடாதீர்கள். அதில் ‘ரோகிணி’ என்று போட்டிருந்தால், அன்று நிலா அந்த மீனின் பக்கம் இருக்கிறது என்று பொருள். 27 நாளுக்கு ஒரு தடவை வரும். தீபத்தன்று முழுநிலவு கார்த்திகைக் கொத்தின் பக்கத்தில் நிற்பதும் இதனால்தான். மாதத்துக்கே அந்தப் பெயர்தானே.

மாசியில் ஒரு காலை, தாளைக் கிழித்தவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “ரோ-கி-ணி.” அன்று இருட்டும்வரை ஏழெட்டுத் தடவை மாடிக்குப் போய்வந்தாள். கடைசித் தடவை மேலிருந்தே கத்தினாள்: “அப்பா, நிலா வந்துடுச்சி! என் நட்சத்திரத்துக்கிட்டயே நிக்குது!”