எண் பொருந்தினால் போதுமா?

2023 ஆகஸ்ட் 29 அன்று லண்டனின் மாசுக் கட்டண வலயம் மோர்டனையும் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து, கடைக்குச் சரக்கு ஏற்ற 2010-ஆம் ஆண்டு டீசல் வேனை எடுக்கும் நம்மவர் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டுகிறார். அதே தெருவில் 1972-இல் பதிவான ஆல்ஃபா ரோமியோ புகை கக்கிக்கொண்டு போனால் ஒரு காசும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டி வரலாற்று வாகனம் என்ற வரிப் பிரிவில் ஏறிய காருக்கு வலயக் கட்டணம் இல்லை, சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றிக் கட்டாமல் இருந்தால், 2018 மே 20 முதல் எம்.ஓ.டி. எனும் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. விற்று லாபம் பார்த்தாலும் மூலதன ஆதாய வரி விழாது. கார் என்பது தேய்ந்து போகும் பொருள் என்பது சட்டத்தின் கணக்கு. விலை ஏறிக்கொண்டே போகும் ஃபெராரிக்கும் அதே கணக்குதான்.

பழைமைக்கு இத்தனை சலுகை தரும் ஊரில், ஒரு காரின் வரலாறு எப்படித் தேடப்படுகிறது, யாருக்காகத் தேடப்படுகிறது என்று பார்ப்பது தகும். பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பொறுத்தவரை தேடல் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அதன் நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அது போகும் திசை எனக்கு உவப்பாயில்லை.

தேடுபவர் கேட்பது, நிலம் வாங்குமுன் நாம் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்பது போன்றதுதான். சேசிஸ் எண் என்ன, என்ஜின் எண் அதோடு சேர்ந்து பிறந்ததா, யார் யார் கையில் இருந்தது? மோர்டன் 1965 வரை சர்ரே கவுன்டியில் இருந்தது. அந்தக் காலத்து நம்பர் பிளேட்டின் எழுத்துகள் பிஏ, பிபி, பிசி என்று முடிந்தால் அது சர்ரே கொடுத்த எண். அன்றைய லாக்புக்கில் ஒவ்வொரு உரிமையாளரின் பெயரும் முத்திரையோடு வரிசையாக இருக்கும். பிறகு பதிவு முழுவதும் ஸ்வான்சியிலுள்ள மத்திய வாகனப் பதிவகத்தின் கணினிக்குப் போனது. 1983-க்குள் கணினியில் ஏறாத கார்கள் தங்கள் எண்ணையே இழந்தன. பழைய பதிவேடுகளில் சில ஆவணக் காப்பகங்களைச் சேர்ந்தன; பலவற்றைக் கவுன்சில்கள் கழித்துக்கட்டின. இன்று தொலைந்த எண்ணை மீட்க, அங்கீகாரம் பெற்ற கார் கழகம் ஒன்று வண்டியைப் பார்த்துச் சான்று தரவேண்டும். அரசு கைவிட்ட ஆவணத்தை ஆர்வலர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். ஃபெராரி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி: 1960-இல் கர்னல் ரோனி ஹோர் தொடங்கிய மரனெல்லோ கன்செஷனேர்ஸ் சர்ரேயின் எகமில் இயங்கியது. வலப்பக்க ஸ்டியரிங் ஃபெராரிகள் இங்கிலாந்துக்குள் வந்த வாசல் அது; தேடலை அங்கிருந்தே தொடங்கலாம்.

இந்த உழைப்பு சில வேளைகளில் உண்மையாகவே எதையோ மீட்டுத் தருகிறது. 1969-இல் வந்த 'தி இட்டாலியன் ஜாப்' படத்தின் தொடக்கத்தில் ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா ஒன்று ஆல்ப்ஸ் மலைப்பாதையில் ஓடிச் சுரங்கத்தில் நொறுங்கும். நொறுக்கப்பட்டது ஏற்கெனவே விபத்தில் சிதைந்த வேறொரு மியூரா. ஓட்டிக் காட்டிய காரோ புதுக்கார் என்றே விற்கப்பட்டு, பல கைகள் மாறிப் போனது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019-இல், சேசிஸ் எண் 3586 தான் அந்தக் கார் என்று லம்போர்கினியின் ஆவணப் பிரிவே சான்றளித்தது. 1954-ஆம் ஆண்டின் ஃபெராரி 375 பிளஸ் ஒன்றின் கதை வேறு மாதிரி. ஒகையோவில் ஒருவர் இடத்தில் கிடந்து, 1980-களில் திருடு போய், பெல்ஜியத்தில் வெளிப்பட்டது. 2014-இல் குட்வுட் ஏலத்தில் ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் போன பிறகும் உரிமைத் தகராறு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. கைமாறிய வரிசையை நோண்டிப் பார்க்கும் ஆட்கள் இல்லாவிட்டால் திருட்டுக் கார் நல்ல காராகவே உலவும்.

ஆனால் பணம் மணக்கத் தொடங்கியதும் தேடல் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள்: தொழிற்சாலை ஏட்டில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை தனி. ஓட்டத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. பந்தயத்தில் ஓடிய கார் என்ஜினை மாற்றிக்கொள்வது அன்று சாதாரணம். அந்த மாற்றமும் அதன் வாழ்க்கைதான். 250 ஜிடிஓ ஒன்று 2017-இல் 4.4 கோடி டாலருக்கு விலைபேசப்பட்டது. அதன் பிறப்புக் கியர்பாக்ஸ் அமெரிக்காவில் வேறொருவரிடம் கிடந்தது. அந்த ஒரு கியர்பாக்ஸுக்காக விற்றவரும் வாங்கிய வியாபாரியும் லண்டன் உயர் நீதிமன்றம் ஏறி, 2020-இல் தீர்ப்பு வாங்கினார்கள். காரோ வேறு கியர்பாக்ஸோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது!

இதைவிடக் கொடுமை 250 ஜிடிஈ-க்கு நேர்ந்தது. நான்கு பேர் உட்காரும் குடும்ப ஃபெராரி. ஏறத்தாழ 950 கார்கள் கட்டினார்கள். இரண்டு கதவும் நீண்ட கூரையும் கொண்ட அந்தப் பாவப்பட்ட கார் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது. ஜிடிஓ-வின் வி12 குடும்பத்து என்ஜினே இதிலும் என்பதால், பலவற்றின் உடலை வெட்டி எறிந்து, அடிச்சட்டத்தின் மேல் ஜிடிஓ நகல்களைக் கட்டினார்கள். அரிய காரின் மேல் கொண்ட மோகம், உண்மையான வரலாறு கொண்ட சாதாரணக் காரைத் தின்றது. இன்று ஜிடிஈ-யின் விலையும் ஏறிவிட்டது. இப்போது மூலக் காரைத் தேடி அலைகிறார்கள்.

சான்றிதழ் தருபவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். ஃபெராரியின் கிளாசிக்கே பிரிவு 2006 முதல் கார்களைச் சோதித்துச் சான்று தருகிறது. அதே பிரிவு பழுதுபார்க்கிறது, பழைய வரைபடங்களின்படி பாகங்களையும் வார்த்துத் தருகிறது. குறை கண்டுபிடிப்பவரும் குறை தீர்த்துக் காசு வாங்குபவரும் ஒருவரே என்றால், அவர் தரும் சான்றைச் சற்று எட்ட நின்றே படிக்கவேண்டும். ஏடுகள் அவர்களிடம்தான் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏட்டில் இருப்பது பிறந்த நாள் மட்டும்தானே.

எனக்குப் பிடித்த அளவுகோல் ஓர் ஆங்கிலக் காரின் வழக்கிலிருந்து வருகிறது. 1929, 1930 லமான் பந்தயங்களை வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' பற்றி 1990-இல் லண்டனில் வழக்கு நடந்தது. வென்ற நாளில் இருந்த உலோகத்தில் மிகக் கொஞ்சமே மிச்சம் என்றார் வாங்க மறுத்தவர். இடையறாமல் மாறிமாறி வந்த அதே கார்தான் இது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். தொடர்ச்சிதான் முக்கியம். இத்தாலியக் கார்களின் சந்தை இந்தத் தீர்ப்பை இன்னும் மனதார ஏற்கவில்லை.

அந்தத் தொடர்ச்சியை மெக்கானிக்கின் பில்லும் மைல் கணக்கும்தான் காட்டும். ஏலத்தில் பெருவிலை பெறாத கார்களுக்கு அதையும் யாரும் சேர்த்து வைப்பதில்லை. 1970-களில் ஆல்ஃபாசுட் துருவேறிச் செத்தது. லான்சியா பீட்டாவின் துரு 1980-இல் பத்திரிகைச் செய்தியாகி, நிறுவனமே கார்களைத் திரும்ப வாங்கியது. 1994-இல் லான்சியா பிரிட்டனை விட்டே போனது. கைக்கு இசைந்த ஓட்டமும் கெட்ட தகடும் சேர்ந்ததுதான் அந்தக் கார்களின் கதை. ஏலப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. நம் பக்கமும் இதே நிலைதான். பம்பாயில் செய்த பிரீமியர் பத்மினி ஃபியட் 1100-இன் பிள்ளை. சென்னையில் கட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உடலை வரைந்தவர் ஜொவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். இரண்டும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்பார்கள். ஹெரால்டின் கூரை திறந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இந்தியாவில் 2021-இல் ஐம்பது வயது கடந்த கார்களுக்கு 'விஏ' என்ற தனி எண் வரிசையே வந்துவிட்டது. அப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தையும் ஒர்க்‌ஷாப் பில்லையும் பரணிலிருந்து எடுத்து வைப்பவர்கள் எத்தனை பேர்?

மோர்டனில் இப்படி ஒரு கார் வாங்க நினைப்பவருக்கு ஒன்று சொல்லலாம். எம்.ஓ.டி. விலக்கு கிடைத்த நாளோடு, ஆண்டுதோறும் அரசுப் பதிவில் ஏறிவந்த மைல் கணக்கு நின்றுபோகிறது. சலுகையே ஆவணத்தை அறுக்கிறது. கட்டாயமில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை காரைச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். பிரேக்கும் துருவும் மைலும் எழுத்தில் வரும், வாங்குபவர் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு ஒரு கராஜ் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு.