ஒற்றனும் மெய்ப்பாடும்: ஸ்மைலியாக நடித்த மூவர்

ஒற்றனாக நடித்தல் தன்னுள்ளேயே ஒரு முரண் உடையது. உள்ளத்து நிகழ்வதைப் புறத்தே புலப்படுத்துதல் நடிகன் தொழில். அதனைப் புலப்படாமற் காத்தல் ஒற்றன் தொழில். ஐயுறப்படாத உருவும், உறுத்து நோக்குவார்க்கு அஞ்சாமையும், உள்ளத்ததனை எவ்விடத்தும் உகாமையும் ஒற்றனுக்கு வேண்டுமென்பது வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்துட் கூறும் இலக்கணம். உகாத ஒருவனை நடிகன் எங்ஙனம் காட்டுவது? ஆங்கில நாவலாசிரியர் ஜான் லெ காரே படைத்த ஜார்ஜ் ஸ்மைலி என்னும் ஒற்றனாக நடித்தாருள் மூவரை இவ்வினாக்கொண்டு ஈண்டு ஒப்புநோக்குவாம்.

1961-ஆம் ஆண்டு வெளிவந்த 'கால் ஃபார் த டெட்' என்னும் நாவலில் ஸ்மைலி முதன்முதல் தோன்றுகின்றான். குறுகிப் பருத்த உடல், பொருந்தா உடை, தடித்த கண்ணாடி, பிறரை நாடிச் செல்லும் மனைவி ஆன் ஆகிய இவையே அவன் அடையாளங்கள். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் இளிவரலின் நிலைக்களன் என்பர் தொல்காப்பியர். அவற்றுள் பிணி ஒழிந்த மூன்றும் இவன்பால் உள. ஆகலின் இவனுக்குரிய தலையாய மெய்ப்பாடு பெருமிதம் அன்று, இளிவரலே என்பது எம் கருத்து.

முதலாமவர் ஜேம்ஸ் மேசன். அந்நாவலைத் தழுவி 1960-களில் சிட்னி லூமெட் இயக்கிய 'த டெட்லி அஃபேர்' என்னும் படத்தில், பெயருரிமை பற்றி ஸ்மைலி, சார்லஸ் டாப்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்டான். மனைவியின் காதலன் தன் பழைய நண்பனே எனக் கதையும் மாறியது. எனவே மேசனின் முகத்தில் துயரும் வெகுளியும் வெளிப்படையாக நிற்கின்றன. கணவனாக அவர் நம் நெஞ்சைத் தொடுகின்றார். உகாமை உடைய ஒற்றனை ஆங்குக் காண்டல் அரிது.

இரண்டாமவர் அலெக் கின்னஸ். பி.பி.சி. தொலைக்காட்சி 1979-இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரில் அவர் பெரும்பாலும் வினாவுகின்றார், கேட்கின்றார், கண்ணாடியைத் துடைக்கின்றார். மறைத்தலையே ஒரு செயலாக்கிக் காட்டியது அவர் திறம். மூன்றாமவர் கேரி ஓல்ட்மன். 2011-இல் தோமஸ் ஆல்ஃபிரட்சன் இயக்கிய படத்தில், நெடுநேரம் அவர் வாய் திறவாமலே இருக்கின்றார். கின்னஸின் அடக்கத்தில் கனிவு உண்டு. ஓல்ட்மனின் அடக்கத்தில் கடுமை உண்டு.

இவ்விருவரையும் உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் தில்லிச் சிறைக் காட்சியாகும். அங்கே ஸ்மைலி, சோவியத் ஒற்றன் கார்லாவைத் தன் பக்கம் ஈர்க்கப் பேசுகின்றான். கார்லாவோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசப்பேச மனைவியின்பால் தான் கொண்ட பற்றை ஸ்மைலியே வெளியிட்டு விடுகின்றான். ஆன் பரிசளித்த தீமூட்டியும் கார்லா கைக்குப் போகின்றது. வினாவ வந்தவன் உகுத்தான்; வினாவப்பட்டவன் உகாது வென்றான். அந்த ஒரு சோர்வைப் பற்றிக்கொண்டே கார்லா பின்னர் ஸ்மைலியின் கண்ணை மறைக்கின்றான்.

தொடர் இந்நிகழ்ச்சியைக் கடந்தகாலக் காட்சியாகவே காட்டுகின்றது. கார்லாவாகப் பேட்ரிக் ஸ்டூவர்ட் எதிரே அமர்ந்துள்ளார். நம் நோக்கு இருவர்பாலும் பிரிந்து செல்கின்றது. படத்திலோ கார்லா முகம் இல்லை. ஓல்ட்மன் தன் துணைவனுக்கு அதனை உரைக்கும்போதே, வெற்று நாற்காலியைக் கார்லாவாகக் கொண்டு பேசத் தொடங்கிவிடுகின்றார். அன்று உகுத்ததை இன்று மீண்டும் உகுக்கின்றார். நெடிது காத்த மௌனம் இவ்வோரிடத்து உடைதலின், இளிவரல் முழுமையுற வெளிப்படுகின்றது. இக்காட்சியளவில் ஓல்ட்மனே மேம்பட்டவர் என்போம்.

ஆயினும் முழுப் படைப்பையும் நோக்கின் முதலிடம் கின்னஸுக்கே உரியது. 1982-இல் வந்த 'ஸ்மைலீஸ் பீப்பிள்' தொடரின் முடிவில், கார்லா தன் மகள்பால் வைத்த அன்பே அவனைத் தோற்கச் செய்கின்றது. பெர்லினில் எல்லை கடந்து வரும் அவன் அத்தீமூட்டியை நிலத்தில் விழவிடுகின்றான். கின்னஸ் அதனைக் காண்கின்றார், எடுக்கவில்லை. பகைவனின் அன்பைப் படையாக்கி வென்றவனுக்கு அவ்வெற்றியே நாணம் தருகின்றது. அந்நாணத்தை அவர் அழுது காட்டவில்லை. குனியாமை ஒன்றாலேயே காட்டுகின்றார்.

மிகுதியாக வெளிப்படுத்துவதே சிறந்த நடிப்பென்னும் எண்ணம் இன்றும் திறனாய்வில் உண்டு. மெய்ப்பாடு அளவாற் சிறப்பதன்று, இடத்தாற் சிறப்பது என்பதை இம்மூவர் நடிப்பும் நமக்கு உணர்த்துகின்றன.