உட்டியான பந்தத்தின் நுட்பம்

யோகப் பயிற்சிகளில் கண்ணைக் கவர்பவை உடலை வளைக்கும் ஆசனங்கள்தான். ஆனால் வெளியே அதிகம் தெரியாத, பந்தங்கள் எனப்படும் உள்தசைப் பூட்டுகளில்தான் நுட்பம் கூடுதல் என்பேன். உட்டியான பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். கால்களைச் சற்று அகட்டி, கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து, மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். பிறகு தொண்டையை அடைத்து, காற்றை உள்ளே விடாமல், மூச்சிழுப்பதுபோல் விலா எலும்புகளை மட்டும் விரிக்க வேண்டும். உதரவிதானம் மேலேறும், தளர்ந்த வயிறு தானாகவே விலாவுக்கு அடியில் ஆழமாகக் குழியும். வயிற்றை இறுக்கி இழுப்பவருக்கு இது கைகூடாது. தளர்த்தத் தெரிவதே இங்கே தேர்ச்சி.

பந்தங்களின் பலன்களெல்லாம் வெறும் நம்பிக்கை என்பார்கள் சிலர். ஆனால் 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தா, எக்ஸ்ரே, அழுத்தமானி கொண்டு யோகப் பயிற்சிகளைச் சோதித்தார். உட்டியானத்தை அடித்தளமாகக் கொண்டு வயிற்றுத் தசைகளைத் திரட்டும் நௌலியின்போது பெருங்குடலில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவதைப் பதிவு செய்தார். இன்னொரு பந்தமான மூலபந்தம் வேலைவாங்கும் இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைத்தான் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் முன்வைத்தார். சிறுநீர்க் கசிவுக்கு மருத்துவர்கள் இன்றும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். பந்தங்களால் மூப்பையும் சாவையும் வெல்லலாம் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகை சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த மிகைக்காக ஒரு நல்ல தசைப் பயிற்சியையே தள்ளிவிடுவது நியாயமா? வெறும் வயிற்றில், தேர்ந்த ஆசிரியரிடம் பழகுங்கள். கர்ப்பிணிகளும், உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், குடற்புண் உள்ளவர்களும் உட்டியானத்தைத் தவிர்க்க வேண்டும்.