எண்பது வயதில் ஆஞ்சியோ: இரண்டு ஆய்வுகள், ஒரே பதில்

"இந்த வயசுல ஆஞ்சியோ தேவையா?" எண்பதைத் தாண்டியவருக்கு லேசான மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. லேசானது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இசிஜியில் எஸ்.டி. பகுதி உயராத வகை. (உயர்ந்தால் அது அவசரம், கதையே வேறு.) இதைப் பற்றி இரண்டு முக்கியமான ஆய்வுகள் உண்டு. ஒன்று "செய்" என்கிறது, இன்னொன்று "பயனில்லை" என்கிறது என்பதுபோலத்தான் மேலோட்டமாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

முதலாவது நார்வேயின் 'ஆஃப்டர் எய்ட்டி', 2016-ல் லான்செட்டில் வெளியானது. எண்பது வயதான, அதைத் தாண்டிய 457 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு ஆஞ்சியோ வழி, மறுபாதிக்கு மருந்து மட்டும். மாரடைப்பு, அவசர அடைப்பு நீக்கம், பக்கவாதம், மரணம் நான்கையும் சேர்த்து எண்ணினால் ஆஞ்சியோ பிரிவில் 40.6%, மருந்துப் பிரிவில் 61.4%.

அடுத்தது பிரிட்டனின் 'சீனியர் ரீட்டா', 2024. எழுபத்தைந்து வயதிலிருந்து 1,518 பேர், சுமார் நான்கு வருடம். இதய மரணம் அல்லது மாரடைப்பு: 25.6%, 26.3%. வித்தியாசமே இல்லை.

இப்போ கூட்டுத்தொகையைப் பிரித்துப் பாருங்கள். நார்வேயில் மாரடைப்பு 17%, 30%. மரணம் 25%, 27%. பிரிட்டனில் மாரடைப்பு 11.7%, 15%, இதய மரணம் 15.8%, 14.2%. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: அடுத்த மாரடைப்பு குறைகிறது, ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை. ஒரே டேட்டாவை வேறு வேறு ஃபார்முலாவில் கூட்டினால் ரிப்போர்ட் மாறத்தானே செய்யும்?

நார்வே கூட்டலில் எனக்கு ஒரு உறுத்தல். யார் எந்தப் பிரிவு என்று டாக்டருக்குத் தெரியும். மருந்து மட்டும் சாப்பிடுபவருக்கு நெஞ்சுவலி வந்தால் அடைப்பை நீக்க அனுப்பத்தான் தோன்றும். அதையும் மரணத்தோடு சேர்த்து எண்ணலாமா? பிரிட்டன் ஆய்வு அதைச் சேர்க்கவில்லை. உடல் தளர்ந்தவர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டது. அப்படியும் ஆஞ்சியோவால் வந்த சிக்கல் 1 சதவீதத்துக்கும் குறைவு.

ஆகவே வயதை மட்டும் வைத்து "வேண்டாம்" என்பதும் சரியில்லை, "செஞ்சா ரொம்ப நாள் இருப்பார்" என்பதும் சரியில்லை. கிட்னி எப்படி, நடமாட்டம் எப்படி, ஞாபகம் எப்படி என்று பார்க்கணும். இன்னொரு மாரடைப்பைத் தவிர்ப்பது அவருக்கு எவ்வளவு முக்கியம்? அதை அவரிடமே கேட்கணும். பிள்ளைகள் காரிடாரில் நின்று முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.